மணிக்காரன் இறங்கி வந்தானா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சலூன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், அதற்குப் பிறகு அங்கே முடி வெட்டுவது கிடையாது, கதை பேசுவதுதான். ஊர்க்கதை இல்லை. தலையணை கனத்தில் ஏழு பாகமாக வந்த 'மணிக்கோபுரம்' கதை. செத்துப்போன ராஜாவின் படை மலைக்கு அடியில் தூங்குகிறது. கோபுரத்தில் சாயங்காலம் தவறாமல் மணி அடித்தால்தான் அது எழுந்திருக்காதாம். அந்த மணிக்காரன் ஒருநாளும் கீழே இறங்காமல் கயிறும் கையுமாகக் கிடக்கிறான். கடைசியில் அவன் இறங்கி வருவானா, மாட்டானா? இதற்காகத்தான் உலகத்தில் இத்தனை பேர் சோறு தண்ணி மறந்து கிடந்தார்கள்.

சலூனில் நாலு பேர். கடைக்காரர் கத்தரி. பக்கத்து மருந்துக்கடைப் பெண்மணி மாத்திரை. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், அவரை லிஃப்ட்காரர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். நாலாவது ஆள் லிஃப்ட்காரரின் மனைவி. பட்டப்பெயர்கள் எல்லாம் அந்த அம்மாள் வைத்தவை. சட்டம் போட்டதும் அவள்தான்.

"கடைசி ஆள் கடைசிப் பக்கத்தை மூடுற வரைக்கும் முடிவைப் பத்தி எவராவது வாயைத் திறந்தீங்க, கரண்டியோட வந்து நிப்பேன்" என்று சொல்லியிருந்தாள். ஏழாம் பாகம் வந்தபோது கத்தரியும் மாத்திரையும் விழுந்தடித்துக்கொண்டு படித்து முடித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நிதானமாகப் போனார்கள். அவர்கள் வீட்டில் எப்போதும் ஒரே பிரதிதான். அவர் கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருப்பார், அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். குரலை மாற்றி மாற்றி வாசிப்பாள், ராஜாவுக்குக் கட்டைக்குரல். ஒருநாள் மணிக்கயிறு நைந்துபோகிற இடத்தில் நிறுத்தி, தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி அந்தப் பக்கத்தில் அடையாளமாகச் செருகினாள்.

"ஒருநாள் கயித்தை விட்டுட்டு இறங்கி வருவான் பாருங்க. ஒண்ணும் ஆகாது. படையாவது கிடையாவது" என்றாள். "மீதி நாளைக்கு."

அந்த நாளை வரவில்லை. மறுநாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பக் கொண்டுவந்தது உடம்பைத்தான். அது ஆயிற்று ரெண்டு வருஷம். புத்தகம் அதே அலமாரியில் இருக்கிறது. ஹேர்பின்னும் அதே பக்கத்தில் இருக்கிறது.

"அவளுக்குத் தெரியாத ஒண்ணை நான் மட்டும் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதோடு கத்தரியும் மாத்திரையும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள், ஆறு பாகத்தையே திருப்பித் திருப்பிப் பேசிவிட்டுக் கலைவார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் அந்த அம்மாள் பெயர் மட்டும் அவர்கள் பேச்சில் வராது. பேசினால் அவர் தாங்கமாட்டார் என்று இவர்களும், பேசினால் இவர்கள் சங்கடப்படுவார்கள் என்று அவரும் இருந்தார்கள். கிறுக்குத்தனம், வேறென்ன!

வினை டி.வி.யில் வந்தது. கதையைத் தொடராக எடுத்து, போன மாதம் கடைசிப் பகுதியைக் காட்டிவிட்டார்கள். புத்தகத்தில் இருக்கிற முடிவை மாற்றிவிட்டார்களாம். பஸ்ஸில், டீக்கடையில், பேங்க் வரிசையில் எங்கே பார்த்தாலும் அதே சண்டை. லிஃப்ட்காரர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடமாடினார். மாத்திரைக்கோ மூக்கு நுனியில் கோபம், கொட்ட முடியவில்லை. பாவம், ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லைக் கடித்துக்கொண்டு அவரெதிரே உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை ஒரு அலுவலகக் கட்டடத்திலிருந்து அழைப்பு. லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண். அவருடைய மச்சினன்தான் கூட வேலை பார்ப்பவன். மோட்டாரின் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்க அவன் மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போனான். இவர் நாலாம் மாடிக் கதவைச் சாவி போட்டு ஒரு முழம் திறந்து, தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தார்.

கீழே இருட்டில் செல்போன் வெளிச்சம். இருபது வயசுக்குமேல் இருக்கும் ஒரு பெண், வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றாள். "அண்ணா, என்னைத் தூக்கிடுங்க! மூச்சு முட்டுது!" என்று விளிம்பைப் பிடித்து எம்பினாள்.

"ஏறாதம்மா! பாதியில லிஃப்ட் நகர்ந்தா உடம்பு ரெண்டாயிடும். கையை எடு. காத்து நிறைய வருது, மூச்சு முட்டாது."

போனில் மச்சினன் குரல்: "பிரேக் இறுகிக் கிடக்கு மாமா. ஆகும் போலிருக்கு கொஞ்ச நேரம்."

அவர் அவளிடம் படிப்பைக் கேட்டார், வேலையைக் கேட்டார், அம்மா அப்பாவைக் கேட்டார். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மறுபடி விளிம்பைப் பிடித்தாள், ஒரு காலைச் சுவரில் வைத்துவிட்டாள். தோள்பை ஆடியது. அதில் ஒரு குட்டிப் பித்தளை மணி தொங்கிக் கிணுகிணுத்தது. மணிக்கோபுரம் படித்தவர்கள் மாட்டிக்கொள்கிற மணி. சலூன் கண்ணாடி மேலேயும் ஒன்று தொங்குகிறது, அதை வாங்கிவந்ததும் அவர் மனைவிதான்.

கேட்டால் இவள் பேசுவாள். பேசினால் எல்லாம் கொட்டும். ரெண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது போச்சு. மனைவியோடு சேர்ந்து தெரியாமல் இருக்கிற அந்த ஒரே ஒரு விஷயமும் போய்விடும். ஆனால் அந்தப் பெண்ணின் இன்னொரு காலும் தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

"ஏம்மா," என்றார். "மணிக்காரன் கடைசியில இறங்கி வந்தானா?"

அந்தப் பெண் அப்படியே நின்றாள். "என்னது?"

"நான் கடைசி பாகம் முடிக்கல. கீழ உக்காந்து சொல்லு. என்ன ஆச்சு?"

"முடிக்கலையா? அப்ப எப்படிச் சொல்றது? முடிவைச் சொன்னா பாவம் அண்ணா!"

"பரவால்ல. எனக்குக் கேக்கணும். சொல்லு."

அவள் காலை இறக்கினாள், உட்கார்ந்தாள். முதலில் குரல் நடுங்கியது. புத்தகத்தில் அவன் இறங்குவதே இல்லையாம். நைந்த கயிற்றைத் தன் மேல்துண்டால் முடிந்து, சாகிறவரை அடித்து, கயிற்றைப் பிடித்தபடியே சாய்கிறானாம். கீழேயிருந்து தினமும் அவனோடு பேசுகிற சின்னப் பெண் ஏறி வந்து கயிற்றை வாங்கிக்கொள்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவளே அழுதுவிட்டாள். லிஃப்ட்காரர் தலையைத் தரையில் சாய்த்துக்கொண்டார். 'அவ சொன்னது பலிக்கல' என்று நினைத்தார். அந்த வேதனை அவருக்கே புதிதாக இருந்தது.

"டி.வி.ல?" என்றார்.

"அதைக் கேக்காதீங்க அண்ணா, வயிறு எரியுது!" குரலில் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. "அவன் பாட்டுக்குக் கயித்தை விட்டுட்டு இறங்கி வர்றான்! ஒண்ணுமே ஆகல! படையும் வரல, கிடையும் வரல! ஏழு புத்தகம் படிச்சவங்க எல்லாம் கேனையா?"

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்தியும் விசும்பல் வெளியே வந்துவிட்டது.

"அண்ணா? அழறீங்களா?"

"இல்லம்மா. இறங்கி வந்து என்ன பண்ணான்?"

"வீட்டுக்குப் போனான். காலைக் கழுவிட்டுச் சாப்பிட உக்காந்தான். அவ்ளோதான். கேவலமா இல்ல?"

மேலே இரும்பு உறுமியது. லிஃப்ட் அசைந்து, மெல்ல மெல்ல மூன்றாம் மாடிக்கு இறங்கியது. அவர் படியில் ஓடி வந்து கதவைத் திறந்தபோது அந்தப் பெண் பயந்தவள் மாதிரியே இல்லை, இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் பாதி இறங்கியதும் லிஃப்ட்காரர் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "எனக்கு முடிவு தெரிஞ்சுபோச்சு. ரெண்டும். இனிமே பேசலாம்."

கத்தரி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். மாத்திரை நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். அப்புறம் அணை உடைந்தது. அந்தத் தொடரை எடுத்தவன், எழுதியவன், ஒளிபரப்பியவன் என்று ஒருத்தன் பாக்கியில்லாமல் திட்டினாள்.

"டி.வி. முடிவுதான் சரி" என்றார் லிஃப்ட்காரர்.

"அண்ணே! நீங்களா இதைச் சொல்றது?"

"நான் சொல்லல. உங்க அண்ணி சொன்னா. ஹேர்பின்னைச் செருகிட்டுக் கடைசியாச் சொன்னதே அதுதான். இறங்கி வருவான், ஒண்ணும் ஆகாதுன்னா."

கத்தரி கண்ணாடிப்பக்கம் திரும்பிக்கொண்டார், கண்ணாடியில் அவர் கண் கலங்கியது நன்றாகவே தெரிந்தது. மாத்திரை துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணியா இருந்தாலும் தப்பு தப்புதான்! அவங்க இப்ப இங்க இருந்தா மூஞ்சிக்கு நேராக் கேட்டிருப்பேன். அப்ப அந்தச் சின்னப் பொண்ணு எதுக்கு இருக்கா கதையில?"

"நீ கேட்டா அவ என்ன சொல்லுவா தெரியுமா?" என்று கத்தரி ஆரம்பித்தார். "போடி மாத்திரை, சின்னப் பொண்ணைக் கோபுரத்துல அடைக்கறதுதான் உனக்கு நல்ல முடிவான்னு கேப்பா."

"அதே கேள்விதான் கேப்பா" என்றார் லிஃப்ட்காரர். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று பேரும் அவளோடு சண்டை போட்டார்கள், அவளுக்காகவும் சண்டை போட்டார்கள். டீ ஆறிப்போனது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் காலைக் கழுவினார், கையைக் கழுவினார். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹேர்பின்னை உருவியபோது பக்கத்தில் துருவின் கோடு பதிந்திருந்தது. அங்கிருந்து சத்தமாக வாசித்தார். ராஜா வருகிற இடத்தில் கட்டைக்குரல் கொடுத்துப் பார்த்தார், சரியாக வரவில்லை. நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு, கடைசிப் பக்கம்வரை வாசித்து மூடினார்.

"புத்தகத்துல நீ தோத்துட்ட" என்று அவளிடம் சொன்னார். "டி.வி.ல ஜெயிச்சுட்ட."

பிறகு ஹேர்பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார்.