ஈரம் எங்கிருந்து வந்தது

ஐந்து மணிக்குள் மூன்று முறை செய்து காட்டாவிட்டால் என் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றிவிடுவதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். கரைப்பான் ஒரு துளிகூட இல்லாமல், இரண்டு வெள்ளைப் பொடிகளைச் ஒரு சிட்டிகை காஸ்டிக் சோடாவோடு கல்வத்தில் அரைத்தே வினைபுரிய வைக்க வேண்டும்.

ஒருமுறை முடிப்பதற்குள் என் மணிக்கட்டு கழன்றுவிட்டது. இரண்டாவதில் பாதியில் இருந்தபோது சீனியர் வந்தார். எதைச் செய்தாலும் முதலில் கரைப்பான் பாட்டிலைத் தேடுவதால் அவருக்குப் பாட்டில் அண்ணா என்று பெயர்.

“என்னம்மா, மாவு அரைச்சாச்சா?” என்று எட்டிப் பார்த்தவர் நிமிர்ந்தார். “ஈரமா இருக்கே!”

இரண்டு பொடிகளும் கலந்தால் உருகுநிலை இறங்கி, அரைக்கும்போதே குழம்பாகிவிடும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“பேசாத. கையும் களவுமா பிடிச்சுட்டேன். எதை ஊத்தின? அசிட்டோனா?”

வாயை மூடிக்கொண்டேன். வலிக்கிற கையைப் பார்த்தேன்.

“நீங்களே அரைச்சுப் பாருங்கண்ணா.”

என் மேசையிலிருந்த பாட்டில்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வேறொரு கல்வத்தை எடுத்து முகர்ந்தார். பொடிகளை அவரே எடை போட்டு அரைக்க ஆரம்பித்தார். பத்தாவது நிமிடத்தில் குழவி வழுக்கியது.

“வேர்வை விழுந்துடுச்சோ?” நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“விழலண்ணா. நிறுத்தாதீங்க, கெட்டியாகணும்.”

இளமஞ்சளாக இறுகியது. அவர் கல்வத்தையே முறைத்தார்.

“தற்செயலா இருக்கும்ணா,” என்றேன் தரையைப் பார்த்தபடி. “ஒரு தடவையை வச்சு எப்படி நம்பறது?”

“அதானே!” சட்டைக் கையை மடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நாலரைக்குப் பேராசிரியை வந்தார். மூன்று முறை அரைத்ததையும் தனித்தனிக் குப்பிகளில் வைத்திருந்தேன்; மூன்றின் உருகுநிலையும் ஒத்திருந்தது.

“எல்லாம் நீ அரைச்சதா?”

“முதல்ல ஒண்ணு நான் மேடம். மத்த ரெண்டும் அண்ணா.”

“இவனா? கரைப்பான் இல்லாமயா?”

“இவ ஏமாத்தறாளான்னு சோதிச்சேன் மேடம்,” என்றார் அண்ணா, கையை உதறியபடி.

“வேற ஆள் செஞ்சும் அதே முடிவு. இதைவிட என்ன வேணும்? தலைப்பு உனக்குத்தாம்மா. நாளைக்கு இன்னும் ஆறு ஜோடி அரைக்கணும். நீயும் வந்துடுப்பா.”

அவர் போனதும் அண்ணா என் பக்கம் திரும்பினார்.

“உன்னை வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே!”

நான் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.