திறக்காத லாஞ்சர்

பலாங்கொடையில் கபூர் நாநாவின் கடையில், தோட்டத்து ஆட்களுக்குக் கம்பியூட்டரில் கடிதம் தட்டிக் கொடுப்பவள் நான். கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் லாஞ்சர் என்ற தேடல் பெட்டி திறக்கும். அதில் பெயரைத் தட்டினால் எந்தச் செயலியும் வரும். மூன்று நாளாக அது திறக்கவில்லை.

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுவமே, ஜீவராணி,” என்றார் நாநா.

“கம்பியூட்டர்ல கைய வச்சீங்க, நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்!”

ஆத்திரத்தில் மறுபடி அழுத்தினேன். திரையின் மூலையில் சிங்களம் என்றிருந்தது தமிழாக மாறியது. அட! கடிதத்தைச் சிங்களத்திலும் கையெழுத்துப் போடுகிறவர்களின் பெயரைத் தமிழிலும் அடிக்க வேண்டியிருப்பதால், மொழி மாற்றுவதற்கும் அதே இரண்டு விசைகளைத்தான் மூன்று நாளைக்கு முன் வைத்திருந்தேன். லாஞ்சருக்கு ஆல்ட்டையும் ஸ்பேஸையும் கொடுத்தேன். அழுத்தியதும் பெட்டி பளிச்சென்று வந்து நின்றது.

“கள்ளனப் புடிச்சிட்டேன், நாநா!”

“யாரு?”

“நான்தான்!” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.