பட்டைக்குப் பின்னால் ஒரு துளை

பட்டறையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. படை லாரியின் டீசல் தொட்டி எங்கே கசிந்தாலும், வண்டி வாசலுக்குள் நுழையும்போதே அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்பது மற்ற மெக்கானிக்குகளின் கிண்டல். அந்தக் கிண்டலில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

அன்று காலை வந்து நின்றது இரண்டாம் நம்பர். சண்டை நடக்கும் இடத்துக்கு பீரங்கிக் குண்டுகளைக் கொண்டுபோகிற கனத்த லாரி. மாலை நாலு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி, நின்ற இடத்தில் டீசலைக் குளமாகத் தேக்கியிருந்தது. அதை ஓட்டுபவன் அவருடைய மனைவியின் தம்பி. நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டான்.

டீசல் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. இது தெரியாத மேதாவிகள்தான் சொட்டும் இடத்தில் பசையை அப்பிவிட்டு மார்தட்டிக்கொள்வார்கள். மூக்கர் தொட்டியை ஒட்டத் துடைத்து, மேலெல்லாம் சுண்ணப்பொடியைத் தூவிவிட்டு, சும்மா குந்தியிருந்தார். கால் மணி நேரத்தில், தொட்டியை வண்டியோடு சேர்த்துக் கட்டும் இரும்புப் பட்டையின் ஓரத்தில் பொடி கறுத்தது. பட்டையைக் கழற்றிப் பார்த்தார்.

துருவாக இருந்தால் தகடு அரித்திருக்கும். கல் பட்டதென்றால், பட்டைக்குப் பின்னால் கல் எப்படிப் போகும்? இது சுத்தமான துளை. விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருந்தது. பக்கத்திலேயே குறி தவறிய இன்னொரு குத்து, பிறை வடிவத்தில்.

முனையில் ஒரு பக்கம் உடைந்த, துளை போடும் பஞ்ச்தான் இரும்பில் அப்படிப் பிறை போடும். அந்தப் பஞ்ச் மூக்கருடையது. மச்சினன் படையில் சேர்ந்த அன்று, வண்டியில் கிடக்கட்டும் என்று அவரே கொடுத்தது.

வண்டியைத் தானே கெடுப்பவனைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். போன மாதம் ஒருவனை அப்படிச் சுட்டபோது, பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மூக்கர் அரத்தை எடுத்து அந்தப் பிறையைத் தேய்த்து அழித்தார். வேலை அட்டையில் காரணம் என்ற கட்டத்தில், வெல்டிங் விட்டுவிட்டது, தொட்டியையே மாற்ற வேண்டும், மூன்று நாளாகும் என்று எழுதினார். மூன்று நாளில் எதுவும் நடக்கலாம். பயல் இந்த முறை தப்பினால் போதும்.

பட்டறை அதிகாரி அட்டையைப் படித்தார். ஆத்திரப்படுவார் என்று மூக்கர் எதிர்பார்த்தார். அவரோ தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அப்ப டிரைவர் சும்மாதான இருப்பான். ஆறாம் நம்பரை அவன்கிட்ட குடுத்துடு."

ஆறாம் நம்பரின் டிரைவர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதன் தொட்டியில் நீளமாக விரிசல். பசையை அப்பிக் கசிவை நிறுத்தி வைத்திருந்தார்கள். கீழேயே புகைக்குழாய் ஓடுகிறது. சூட்டில் பசை இளகி டீசல் குழாயில் ஒழுகினால், குண்டுகளோடு சேர்ந்து வண்டி எரியும். வாசல் வரைக்கும்தான் தாங்கும் என்று மூக்கர் நேற்றே சொன்னார். எண்ணிக்கை குறையக் கூடாது என்று அதிகாரி நெருக்கி, வண்டி சரி என்று கையெழுத்து வாங்கியிருந்தார்.

ஆறாம் நம்பர் தாங்காது சார் என்று மூக்கர் இழுத்தார். அதிகாரி அப்போதுதான் நிமிர்ந்தார்.

"நேத்து கையெழுத்துப் போட்டது நீதானய்யா? இன்னைக்கு ரெண்டு தொட்டியும் போச்சுங்கிற. வா, நானே வந்து பார்க்கிறேன்."

வந்தால் துளையைக் கண்டுவிடுவார். வேண்டாம் சார், இரண்டாம் நம்பரையே நாலு மணிக்குள் முடித்துத் தருகிறேன் என்று மூக்கரின் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மச்சினன் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மூக்கர் கையை நீட்டினார். அவன் அந்தப் பஞ்ச்சை எடுத்துக் கொடுத்தான்.

"என்னைப் பத்தி எழுதிட்டீங்களா மாமா?"

"எழுதல. ஆனா இது நின்னா உன்னை ஆறாம் நம்பர்ல ஏத்துறாங்க. அதுல போனா நீ பாதி வழி தாண்ட மாட்ட."

"இதுல போனா?"

மூக்கர் பஞ்ச்சைப் பையில் போட்டுக்கொண்டார். "இது ஒழுகாது. அதுக்கு நான் பொறுப்பு."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து தொட்டியை இறக்க ஒரு பக்கம் பிடித்தான். இரண்டு பேருமாக டீசலை வடித்தார்கள். வெந்நீர் ஊற்றி ஊற்றி வாடை போகும்வரை அலசினார்கள். துளைக்குக் கீழே நாலு விரல் விட்டுத் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஆவி தங்காமல் பார்த்துக்கொண்டு, மூக்கர் தகடு வைத்துப் பற்றவைத்தார். இத்தனை வருஷத்தில் அப்படியொரு ஒட்டு அவர் போட்டதில்லை. அவன் விளக்கு பிடித்தான்.

நாலு மணிக்கு வண்டி போனது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, துளையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்து அனுப்பியதில் எனக்கு நிம்மதி என்றாள் மனைவி.

ஒன்பதாம் நாள், மச்சினன் போய்விட்டான் என்று படையிலிருந்து கடிதம் வந்தது. பதினோராம் நாள் இரண்டாம் நம்பரை இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் போட்டார்கள். டிரைவர் பக்கம் கதவும் இருக்கையும் சல்லடையாகியிருந்தன. இருக்கையைத் தண்ணீர் அடித்துக் கழுவித்தான் அனுப்பியிருந்தார்கள், அவ்வளவு கருணை. மறுபக்கம் தொட்டி முழுசாக இருந்தது. அதைச் சோதித்து எழுது, வேறு வண்டிக்கு ஆகும் என்றார் அதிகாரி.

மூக்கர் தொட்டியைத் துடைத்துப் பொடி தூவிவிட்டுக் குந்தினார். கால் மணி போனது, அரை மணி போனது. தன் கைவேலை தோற்றிருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினார். வழியில் கசிந்திருந்தால் அவன் எங்காவது நின்றிருப்பான். பொடி வெள்ளையாகவே இருந்தது. கசிவு இல்லை என்று அட்டையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அழுது அழுது மனைவியின் குரல் கட்டியிருந்தது. கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"வண்டி ஏதாச்சும் மக்கர் பண்ணிச்சாங்க?"

"இல்ல. ஒரு சொட்டுகூட ஒழுகல."

"நீங்க பார்த்த வண்டியாச்சே" என்றாள் அவள்.