இரண்டிரண்டு பேராய்

கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள் ஷரோன். பின்னால் வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஆறு பேரும் பதினாறு, பதினேழு வயதுக் கறுப்பினப் பிள்ளைகள். வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் ஒரு சமூக நிலையத்தின் நிலக்கீழ் அறையில் நடக்கும் இனநீதிக் கோடைப் பயிற்சிக்கு வந்தவர்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றாக இருந்து பேசும் பயிற்சி அது. ஷரோன் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கறுப்பினப் பிள்ளைகள் அதிகம் என்பதால் அவளையும் சேர்த்திருந்தார்கள். அங்கே ஒரே தமிழ் ஆள் அவள்தான். முதல் வாரம் முழுக்க யாரும் அவளோடு பெரிதாகக் கதைக்கவில்லை. இன்று காலையில்தான் இமானி என்ற பெண் நேரே ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்கட வீடுகளில, உங்கட பாஷையில, எங்களைப் பற்றிக் கூடாமக் கதைக்கேக்க நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"நிப்பாட்டச் சொல்லுவன்." யோசிக்காமலே சொன்னாள் ஷரோன். இமானி தலையாட்டினாள். மதியம் இவர்களைத் தனக்குத் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போகலாமென்று தோன்றியது அந்த உற்சாகத்தில்தான்.

அது ஜூலியஸ் அண்ணையின் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. ஷரோனின் மகனுக்கு ஞானத்தகப்பன் அவர். அவளுடைய கணவன் வேலையில்லாமல் இருந்த குளிர்காலத்தில் சாப்பாட்டுப் பார்சலைக் கதவடியில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் திரும்பிப் போன மனிதர். இப்போது பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார், குளிர்பானப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மாறவில்லை. பார்க்கிறவர்கள் சுகம் விசாரிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

"ஷரோன், உந்தக் கறுவலுகளை ஏன் கூட்டமாக் கொண்டு வாறாய்? ரெண்டு ரெண்டு பேரா உள்ளுக்கு விடு. பிறகு சாமான் காணாமப் போனா நீயே பதில் சொல்லுறது?"

"என்னவாம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் இமானி.

"இடம் காணாதாம். ரெண்டு ரெண்டு பேரா வரட்டாம்."

இமானி அசையவில்லை. "கறுவல்" என்றாள், உச்சரிப்புப் பிசகாமல். "எங்கட மாடியில பக்கத்து வீட்டுக்காரர் தமிழ் ஆக்கள். நான் லிஃப்டுக்குள்ள ஏறினா இந்தச் சொல்லு வரும். இது எனக்குத் தெரியும். மிச்சத்தைச் சொல்லுங்கோ, மிஸ்."

ஷரோனுக்குக் காது சுட்டது. அது வெறும் நிறத்தைச் சொல்கிற சொல் என்று சொல்லலாம். அவர் நல்லவர், அவருக்கு உங்களைத் தெரியாது என்று சொல்லலாம். என்னையும் சின்ன வயதில் கறுப்பி என்றுதான் கூப்பிட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பெயருக்காக எந்தக் கடையிலும் யாரும் களவெடுப்பாளோ என்று அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

சொன்னாள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் நினைத்ததைவிட உரத்து வந்தது. பார்சலுக்குக் காத்து நின்ற வாடிக்கையாளர் ஒருவர் கைபேசியைத் தாழ்த்தினார்.

"பிள்ளை!" ஜூலியஸ் அண்ணையின் சிரிப்பு போய்விட்டது. "இந்தக் கடையை ரெண்டு தரம் உடைச்சவங்கள். நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். நீ ஆரின்ர பக்கம் நிக்கிறாய்?"

"ஆர் உடைச்சதெண்டு உங்களுக்குத் தெரியுமோ, அண்ணை?"

அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து, துடைத்திருந்த காட்சிப்பெட்டிக் கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"வாங்கோ, வேற கடைக்குப் போவம்," என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினாள் ஷரோன்.

"நாங்கள் ஏன் போகவேணும்?" இமானி சுவரோர மேசைக்குப் போய் இருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய் அவளைச் சுற்றி இருந்தார்கள். ஒரு பையன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான். யாரும் அவனை அப்படி வைக்கச் சொல்லவில்லை.

ஜூலியஸ் அண்ணை குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி அன்ரனெற் அன்ரி ஒரு தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். "ஹொட், கெயார்ஃபுல்," என்று ஆங்கிலத்தில் சூட்டைச் சொல்லி எச்சரித்தார். ஷரோனை நிமிர்ந்து பார்க்காமலே திரும்பிப் போனார்.

ஷரோன் மேசைக்குக் கிட்டப் போனாள்.

"முதல்ல பொய்தானே சொன்னீங்கள்," என்றாள் இமானி. குரலில் கோபம் இல்லை.

"ஓம்," என்றாள் ஷரோன். தமிழில் சொன்னது பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

மேசையில் மிஞ்சியிருந்த ஒரே நாற்காலியில் இமானியின் முதுகுப்பை இருந்தது. தட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இமானி ஷரோனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பையின் வாரைப் பிடித்தாள். தூக்கவுமில்லை, விடவுமில்லை.