மூடி போட்ட டம்ளர்

பாலியல் தொற்று பற்றிய பாடத்தை எங்கள் பள்ளியில் யாரும் நடத்தியதே இல்லை. எனக்கு முன்னால் இருந்த உயிரியல் ஆசிரியர்கள் அந்தப் பக்கம் வந்ததும் தொண்டையைக் கனைத்து, "வீட்டில படிச்சுக்கோங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் யாரிடம் கேட்பார்கள், சுவரிடமா?

நான் ஒற்றைக்காலில் நின்றதில் தலைமையாசிரியை இறங்கிவந்தார். "ஒரு பீரியட் தரேன். நானும் வந்து உக்காருவேன். ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா இனிமே அந்தப் பாடமே கிடையாது. அந்த நேரம் கணக்குக்குப் போயிடும்." பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியாருக்கு வாயெல்லாம் பல்.

பன்னிரண்டாம் வகுப்பு. ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒன்றில் மட்டும், தொற்றுக்குப் பதிலாக, சலவைச் சோடாவைக் கரைத்திருந்தேன். பார்த்தால் தெரியாது.

"டம்ளர்தான் உங்க உடம்புன்னு வச்சுக்கோங்க. பிடிச்சவங்களோட தண்ணியைக் கலந்துக்கலாம். வேண்டாம்னா சும்மா இருக்கலாம்."

சில டம்ளர்களுக்கு மூடி போட்டிருந்தேன். அதுதான் ஆணுறை, ஆபத்தை நிறையக் குறைக்கும் என்றதும் வகுப்பே குனிந்து சிரித்தது.

கடைசி பெஞ்சில் ஒருவன் கையைத் தூக்கினான். "அப்போ இன்னொருத்தர் டம்ளர்ல தண்ணி குடிக்கக் கூடாதா டீச்சர்?"

"தாராளமாக் குடி. டம்ளர்ல வராது, கைகுடுத்தா வராது. பாதுகாப்பில்லாத உடலுறவுல வரும். சிலது ரத்தம் வழியாவும் வரும்."

சொல்லி முடித்தும் கூரை இடிந்து விழவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஒரே கூச்சலாகக் கலந்தார்கள். பரிசோதனை, மருந்து என்று நடுநடுவே நான் கத்தியது யார் காதில் விழுந்ததோ. குஷியில் நானும் ஒரு டம்ளரை எடுத்து முன்வரிசைப் பெண் ஒருத்தியோடு கலந்துகொண்டேன். தலைமையாசிரியைக்கும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு டம்ளரோடு என்னிடம் வந்தார். "நான் உங்களோட மட்டும்தான்" என்று கலந்துகொண்டார்.

பிறகு ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு சொட்டு நிறங்காட்டித் திரவம் விட்டேன். சோடா இருந்தால் தண்ணீர் ரோஜா நிறமாகும். மூடி போட்டவை அப்படியே இருந்தன. கலக்காமல் இருந்தவர்களுடையதும் அப்படியே. தலைமையாசிரியையின் டம்ளர் ரோஜாவாக மாறியது.

போச்சு, பாடம் கணக்குக்குப் போச்சு.

"நான் ஒருத்தரோட மட்டும்தானே கலந்தேன்?" என்றார்.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "நீங்க ஒருத்தரோடதான் மேடம். ஆனா டீச்சர் அதுக்கு முன்னாடி என்னோட கலந்தாங்க. நான் நாலு பேரோட."

தலைமையாசிரியை டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் வகுப்பு அடங்க வெகுநேரமானது.

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

"டெஸ்ட் எடுக்கணும் மேடம்" என்று வகுப்பிலிருந்து பதில் வந்தது.

"பயப்படாதீங்க, மருந்து இருக்கு. சிலது முழுசாக் குணமாகும், சிலதைக் கட்டுக்குள்ள வைக்கலாம்" என்றான் கடைசி பெஞ்ச் பையன்.

"டீச்சர்கிட்டயும் சொல்லிடுங்க மேடம், அவங்களும் டெஸ்ட் எடுக்கணும்."

கத்தியது அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி அடித்தது. வாசலில் சாக்பீஸோடு கணக்கு வாத்தியார். எப்போதிலிருந்து அங்கே நின்றாரோ.

"சார், உங்க பீரியடும் இன்னைக்கு இதுக்குத்தான். பக்கத்து வகுப்பும் வரட்டும்" என்ற தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "சாருக்கும் ஒரு டம்ளர் குடுங்க."

அவர் உள்ளே வந்து மேசையை ஒரு நோட்டம் விட்டார்.

"மூடி போட்டது இருந்தா குடுங்க" என்றார்.