நாளுக்கு ஒரு முழம்

1994ஆம் ஆண்டு ஜூலை பதினொன்றாம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் ஒன்றேகால் மணிக்கு, மெழுகுவர்த்திப் பட்டறையின் பின்னறை அலமாரியிலிருந்து நாற்பத்திரண்டு அலுமினிய அச்சுகள் தாமாகவே இறங்கி, வாசலை நோக்கி ஒரு முழம் நகர்ந்து நின்றன. ஒன்றும் கவிழவில்லை, ஒன்று மட்டும் அரை முழத்தில் நின்றுவிட்டது. மறுநாள் இன்னொரு முழம். பட்டறைக்காரர் அவற்றை அலமாரியில் ஏற்றி அறையைப் பூட்டினார். அதற்கடுத்த நாள், பூட்டு பூட்டியபடியே இருக்க, விட்ட தொலைவையும் சேர்த்துக் கடந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. சாண் ஏறினால் முழம் சறுக்கும் உலகத்தில் இவை மட்டும் சறுக்கவில்லை.

காரணம் அனைவருக்கும் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அச்சுகளைக் கழுவி அடுக்கியவர் பட்டறைக்காரரின் அண்ணி. கொதிக்காத வெந்நீரில் அச்சை அமிழ்த்துவார். மெழுகு மேலே மிதந்து ஆடைகட்டியதும் வழித்தெடுப்பார். பழைய பருத்தித் துணியால் உள்ளே துடைத்து, திரித்துளையில் ஈர்க்குச்சி நுழைத்துப் பார்த்து, நிழலில் உலர்த்தி, வாய் கீழே இருக்கும்படி காகிதத்தின்மேல் கவிழ்த்து வைப்பார். அச்சருகில் கத்தி வரக்கூடாது. அண்ணன் இறந்த மறுமாதம், "இனிமே எதுக்கு அண்ணி இந்தக் கஷ்டம்? உக்காந்து சாப்பிடுங்க" என்று சொல்லிக் கொழுந்தன் பின்னறைச் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு தாமே கத்தியால் சுரண்டி, ஈரத்தோடு, வாய் மேலே பார்க்க அடுக்கினார்.

அண்ணி உட்கார்ந்தார், கைகள் உட்காரவில்லை. எதிர்வரிசைக் கோடி வீட்டில், கழுவிய பாத்திரத்தையே மும்முறை கழுவினார். கண்ணில் பட்ட டம்ளரையெல்லாம் கவிழ்த்தார். காப்பி குடித்துக்கொண்டிருந்த விருந்தாளியின் டம்ளரும் தப்பவில்லை. சாவியைக் கையில் கொடுத்து அழைத்தாலொழியப் பட்டறைப்படி ஏறுவதில்லை என்பது அவருடைய உறுதி. உடன்பிறந்த தம்பி தன் ஊருக்கு வந்துவிடும்படி எழுதியிருந்தார். போனால் அந்த வீட்டில் தாம் விருந்தாளி, இருந்தால் இந்தத் தெருவில் தாம் வேண்டாதவர் என்று எண்ணி, தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்குவார், எடுப்பார், மீண்டும் அடுக்குவார்.

ஆகஸ்டில் அச்சுகள் தெருவில் இறங்கின. சைக்கிள்கள் விலகிச் சென்றன. தபால்காரர் முதலில் முறையிட்டார். பின்னர் அவை நிற்குமிடத்தைப் பார்த்துத் தேதி சொல்லப் பழகினார். அண்ணி மூன்று நாள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, நாற்பத்திரண்டும் பேருந்து நிலையத்தின் பக்கம் திரும்பி நின்றன. திரும்பி வந்தவரிடம் ஓரகத்தி, "அக்கா, இந்த வீட்டு ஆம்பளைங்ககூட உங்க பின்னால இவ்வளவு ஒழுங்கா வரிசையில வந்ததில்ல" என்றாள்.

கொழுந்தன் வாசலில் வந்து நின்றார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா திரும்பிப் போயிடும், அண்ணி."

"நானா வரச் சொன்னேன்? வாய மேல பாத்து வச்சது நீங்க. அப்படி வச்சா எதுதான் வச்ச எடத்துல இருக்கும்?"

சாவி கொழுந்தனின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் போய்விட்டார்.

அக்டோபர் பதினைந்தாம் நாள் நாற்பத்தோரு அச்சுகள் அண்ணியின் கூடத்துக்குள் வந்து சேர்ந்தன. அன்று தம்பி ஊருக்குப் போக அண்ணி சீட்டு எடுத்திருந்த பேருந்து, அவர் அச்சுகளைக் கழுவ வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது புறப்பட்டுவிட்டது. நாற்பத்திரண்டாவது இன்னும் பாதித் தெருவில் இருந்தது. கத்தியின் ஆழமான கீறல் விழுந்த அச்சு அது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாளுக்கு அரை முழம்தான் வந்தது. எடுத்து வந்துவிடலாம் என்று தெருவில் பலரும் சொன்னார்கள். "வர்றது வரட்டும். யாரும் தொடாதீங்க" என்று அண்ணி கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தார். மழைக்காலம் முழுவதும் அந்தக் கதவு மூடப்படவில்லை.

ஜனவரி பத்தொன்பதில் அது படியேறியபோது கொழுந்தனும் பின்னாலேயே நடந்து வந்தார். அண்ணி அதை வெந்நீரில் அமிழ்த்தித் துடைத்து, கீறலின்மேல் விரலை ஓட்டினார். கீறல் போகவில்லை. கொழுந்தன் சாவியை அவருடைய ஈரக் கையில் வைத்தார்.

அன்றே முடிவு செய்யப்பட்டது. அண்ணி ஊருக்குப் போவதில்லை. புடவைகள் கொடிக்குத் திரும்பும். தகரப் பெட்டியில் அச்சுகள் கவிழ்த்து வைக்கப்படும். காலையில் அவற்றை அண்ணியே பட்டறைக்கு எடுத்துச் செல்வார். மாலையில் அவை விட்ட தொலைவையெல்லாம் சேர்த்துக் கடந்து தாமாகவே வந்துவிடும் என்பதால் திருப்பிக் கொண்டுவர ஆள் தேவையில்லை. கீறல் விழுந்தது மட்டும் சற்றுத் தாமதிக்கும். அதுவரை கதவைச் சாத்தக் கூடாது.