எந்தக் கடைக்கு?

1

இந்தக் கதையைப் பொறாமையில்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் யாரும் கண்டுபிடித்துவிட்டதாக மார்தட்டிக்கொள்ள முடியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் தோழியும் கடலை ஒட்டிய மீன் சந்தைக்குப் போனோம். தோழியும் எழுதுகிறவள்தான். என்னைவிட நன்றாக எழுதுகிறாளா என்று நீங்களும் கேட்காதீர்கள். அதைக் கேட்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தச் சந்தையில் மீனை நாமே பார்த்து வாங்கி, அங்கேயே சமைக்கக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தலையில் துணி கட்டிய ஒரு பெண் தன் கடையைவிட்டு இறங்கி வந்தாள். இரண்டு கடை தள்ளி இருந்த இன்னொருவருடைய ஆவிப்பானையின் மூடியைத் தூக்கினாள். உள்ளே பார்த்தாள். மூடியைத் திரும்ப வைத்தாள். நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

“இதை நீ எழுதறியா, நான் எழுதட்டுமா?” என்றாள் தோழி, முள்ளை எடுத்துக்கொண்டே.

“நான்தான்” என்றேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொல்லும் பொறுமைகூட இல்லை.

அவள் மனம் மாறுவதற்குள் முடித்தாக வேண்டும். அவசரம் ஆங்காங்கே தெரியும், கண்டுகொள்ளாதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: “உப்புக் காற்று அந்தப் பழைய கட்டடத்தின் சுவர்களைத் தழுவிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்…”

(வேண்டாம். மீன் சந்தையில் எதுவும் எதையும் தழுவுவதில்லை. தரை வழுக்கும். பார்த்து நடக்க வேண்டும்.)

இரண்டாவது: “ஒரு மீனின் வயிற்றைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தன் கணவன்மேல் சந்தேகம் வந்தது. அதுவரைக்கும் அவள்…”

(இது பரவாயில்லை. ஆனால் தோழி எழுதியது மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்கூடத்தில் மீன் விற்பார்கள். கூடத்தைத் தாண்டும் வாசலில் ஒரு மரக்கட்டை போட்டு ஒருவர் நிற்பார். செதில் சீவி, குடல் எடுத்து, மீனைக் கீறித் தருவது அவர் வேலை. எல்லோரும் அவரைக் கத்திக்காரர் என்பார்கள். பின்பக்கம் வரிசையாக மூன்று சமையல் கடைகள். கடைகளுக்கு முன்னால் நீளமாக ஒரு பனிக்கட்டித் தொட்டி. கீறி வாங்கிய மீன் பையை நீங்கள் கொடுத்தால் அதில் ஒரு எண்வில்லையைக் கட்டித் தொட்டியில் வைப்பார்கள், அதே எண்ணில் இன்னொரு வில்லையை உங்கள் கையில் கொடுப்பார்கள். பிறகு நீங்கள் போய் மேசையில் உட்கார்ந்து பசியோடு சண்டை போடலாம்.

முதல் கடை அடுப்பக்காவுடையது. கத்திக்காரரின் மனைவி. மூடியைத் தூக்கிப் பார்த்தது இவள்தான். நடுக்கடையை நடத்துபவள் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நடுக்கடைக்காரி என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாவது, கடைசிக்கடைப் பெரியவர். காது கொஞ்சம் மந்தம்.

மூன்று கடைக்கும் மூன்று நெருப்பு. அடுப்பக்கா இரும்புக் கல்லில் சுடுவாள். நடுக்கடையில் கரி நெருப்பும் கம்பி வலையும். பெரியவர் ஆவியில் வேகவைப்பார். அதனால் மூன்று விதமாகக் கீற வேண்டும். வலைக்கு என்றால் கீறல் அடிவயிறுவரை இறங்க வேண்டும், அப்போதுதான் சூடு உள்ளே போகும். ஆவிக்கு முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஒரே கீறல். கல்லுக்கு என்றால் சாய்வாக மூன்று கீறல். வயிற்றுக்கு ஒரு கட்டைவிரல் அளவு மேலேயே கத்தி நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிறு பிளந்து கல்லில் ஒட்டிக்கொள்ளும். எனவே கத்திக்காரர் ஒவ்வொரு மீனையும் கட்டையில் போட்டதும் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: “எந்தக் கடைக்கு?”

3

அந்தக் கட்டைவிரல் அளவு, அடுப்பக்கா கேட்டு வாங்கியது. கல்யாணமான முதல் மாதம், கடை போட்ட முதல் வாரம். மூன்று நாள் தொடர்ந்து மீன் கல்லில் ஒட்டி மானம் போனது. நான்காம் நாள் அவள் நேராக வெட்டுக்கட்டைக்குப் போய், மீன் தோலில் நகத்தால் ஒரு கோடு கிழித்தாள். “இதுக்குக் கீழ கத்தி வரக் கூடாது” என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பதினெட்டு வருடமாக வரவில்லை.

அவள் பிறந்த நாள் எந்த மாதத்தில் வருகிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. மைத்துனன் கல்யாணத்துக்கே மறந்துபோய் வேலைக்குக் கிளம்பிய ஆள். ஆனால் அந்தக் கட்டைவிரல் இடத்தை ஒருநாளும் மறந்ததில்லை. தினமும் அறுபது எழுபது மீன்களைத் திருப்பிப் போடும்போதெல்லாம் அடுப்பக்கா அதைப் பார்ப்பாள். பார்க்காத மாதிரிதான் பார்ப்பாள்.

[ஓரக்குறிப்பு: இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கணவன் மனைவி என்பதே என் ஊகம். அவள் போகிற போக்கில் அவருடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு மூடாமல் வைத்தாள். வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.]

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், பக்கத்துக் கடை வலையில் கிடந்த ஒரு மீனை அடுப்பக்கா பார்த்தாள். சாய்வாக மூன்று கீறல். வயிற்றுக்கு ஒரு கட்டைவிரல் மேலே நின்றிருந்தது.

முதலில் தன் கடைப் பைதான் மாறிப் போயிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த மீனும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மதியம் சாப்பிடும்போது கேட்டாள். “இன்னைக்கு நடுக்கடைக்கு எப்படிக் கீறினீங்க?”

“கத்தியாலதான்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“மீனைக் கீறினேன். என்ன, கணக்குப் பரீட்சையா வைக்கற?” என்றார் அவர். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

அவர் குழம்பு ஊற்றிக்கொண்ட விதத்தில்கூட அவளுக்குச் சந்தேகம் வந்தது. தப்பு செய்தவன் இரண்டாம் தடவை குழம்பு கேட்பானா? தப்பு செய்தவன்தான் கேட்பான் என்று முடிவு செய்தாள்.

4

நடுக்கடைக்காரியை எழுதுவதில் எனக்கு ஒரு சிக்கல். முதல் வரைவில் அவளுக்கு நீளமான கழுத்தும், கூடம் முழுக்கக் கேட்கும் சிரிப்பும் கொடுத்திருந்தேன். திரும்பப் படித்தபோது ஒன்று உறைத்தது. நான் அன்று பார்த்த பெண்ணுக்கு ஜலதோஷம். கட்டைவிரலில் பிளாஸ்திரி. முழு நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விசிறிக்கொண்டிருந்தாள். சிரிக்கவே இல்லை. அந்தக் கழுத்தும் சிரிப்பும் என் தோழியுடையவை.

எடுத்துவிட்டேன். ஆனால் அடுப்பக்கா கண்ணுக்கு மட்டும் அவை இன்னும் தெரிகின்றன. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

வாய்ப்பேச்சில் உண்மை வராது, கல்லில் போட்டால் வந்துவிடும் என்று அடுப்பக்கா கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முட்டி மோதும் நேரம். நடுக்கடைக்காரி கரி எடுக்கப் பின்பக்கம் போனாள். தொட்டியில் பதினான்காம் எண் பை அடுப்பக்காவுடையது, இருபத்தேழு நடுக்கடைக்காரியுடையது. இரண்டு வில்லைகளையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். இத்தனை வருடத்தில் அவள் செய்த முதல் திருட்டு அதுதான்.

இன்னொருத்திக்காகத் தன் புருஷன் கீறிய மீனை எடுத்துத் தன் கல்லில் போட்டாள். ஒரு பக்கம் வெந்ததும் திருப்பினாள். வயிறு பிளக்கவில்லை. கல்லில் ஒரு துளிகூட ஒட்டவில்லை. அவ்வளவு அழகாக வந்தது. தட்டில் எடுத்து வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

பத்து நிமிடத்தில் நடுக்கடை முன்னால் சத்தம். மாமியாரோடு வந்திருந்த ஒரு கண்ணாடிக்காரர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இது எங்க மீன் இல்லைங்க. எங்க மீனுக்குக் கண்ணுக்கு மேல கறுப்பா ஒரு மச்சம் இருந்துச்சு” என்றார். பெற்ற பிள்ளையைத் தேடுகிறவர் மாதிரி மற்ற மேசைகளையெல்லாம் பார்த்தார். மச்சம் வைத்த மீன் அடுப்பக்காவின் வாடிக்கையாளர் மேசையில் பாதி தீர்ந்திருந்தது.

அடுப்பக்கா கல்லைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். இதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

“என் தப்புதாங்க” என்றாள் நடுக்கடைக்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “வில்லையை மாத்திக் கட்டிட்டேன் போல. வேற மீன் வாங்கித் தரேன், உட்காருங்க.”

அடுப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பாள். இந்த நல்ல குணத்தை எங்கே வைத்துக்கொள்வது?

நடுக்கடைக்காரி அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். “மன்னிச்சுக்குங்கக்கா. முன்னெல்லாம் கீறலைப் பார்த்தாலே எது யார் பைன்னு தெரிஞ்சுடும். இப்பத்தான் அண்ணன் எல்லாத்தையும் ஒரே மாதிரி கீறறாரே. எங்க வலைக்கு அது சரியாவும் வரலை, உள்ள வேக நேரமாகுது. புதுசா வந்தவ எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஆமாங்கக்கா. பெரியவர் கடைக்கும் அப்படித்தான்.”

அடுப்பக்கா இறங்கிப் போனாள். ஆவிப்பானையின் மூடியைத் தூக்கினாள். உள்ளே மூன்று மீன்கள். சாய்வாக மூன்று மூன்று கீறல். வயிற்றுக்கு ஒரு கட்டைவிரல் மேலே.

மூடியை வைத்தாள். இந்த இடத்தில்தான் நானும் தோழியும் அவளைப் பார்த்தோம். ஐந்து நாளாக அவள் நடுக்கடையை மட்டும் பார்த்திருக்கிறாள். கடைசிக் கடைப்பக்கம் கண் போகவே இல்லை.

5

(இங்கே ஒரு பத்தி இருந்தது. பொறாமை என்பது என்ன என்று விளக்கியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. தெரிந்தவர்களுக்குத் தேவைப்படாது, தெரியாதவர்களுக்குப் புரியாது. நீக்கிவிட்டேன்.)

கத்திக்காரர் ஒரு கணவாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“எந்தக் கடைக்குன்னு நீங்க கேட்டு எத்தனை நாளாச்சு?” என்றாள்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “ரெண்டு மூணு வாரம் இருக்கும். ஏன்?”

“ஏன் கேக்கறதில்ல?”

“கேட்டு என்ன ஆகப்போகுது? உன் கீறல்தான் இருக்கறதுலயே நல்ல கீறல். எல்லாத்துக்கும் ஒத்துவருது. வேலையும் சட்டுன்னு முடியுது.” பாராட்டியதாகவே நினைத்துக்கொண்டு அவர் லேசாகச் சிரித்தார்.

அவள் கட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “ஒருத்திக்குக் குடுத்திருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பேன்” என்றாள். “எல்லாருக்கும் குடுத்துட்டீங்களே. நான் யாரோட போய்ச் சண்டை போடறது?”

“எதைக் குடுத்தேன்?” என்று கேட்டார் அவர்.

6

இப்போது என் முறை. ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிட்டு முதல் பகுதியில் பாதிதான் ஒப்புக்கொண்டேன்.

பதினோரு வருடமாக என் கதைகளை முதலில் படிப்பவள் தோழிதான். பிடித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அந்தப் புள்ளிகளை நான் எண்ணுவேன். ஒரு கதை ஒன்றுகூட இல்லாமல் வந்தபோது, அந்தக் கதையையே கிழித்துப் போட்டேன். அவள் வேறு யாருக்காவது இப்படிச் செய்வாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று மீனுக்காகக் காத்திருந்தபோது அவள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். வேறு யாருடையதோ கதை. ஓரமெல்லாம் புள்ளிகள்.

“இவங்களுக்கும் புள்ளி வைக்கறியா?” என்று கேட்டேன், எண்ணெய்ப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு.

“எல்லாருக்கும் வைக்கறதுதானே. ஏன்?”

“சும்மாதான்” என்றேன். அதற்குப் பிறகுதான் அடுப்பக்கா வந்து மூடியைத் தூக்கினாள். பானைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு உடனே தெரிந்துபோனதன் காரணம் இதுதான்.

இந்தக் கதையை நான் அவளிடம் கொடுக்கவில்லை. புள்ளி வைக்காமல் திருப்பித் தந்தால் தாங்க முடியாது. வைத்துத் தந்தாலும் தாங்க முடியாது.

7

முடிவுகள் சில இருக்கின்றன. ஒன்றில் அடுப்பக்கா இரும்புக் கல்லை விற்றுவிட்டு ஆவிப்பானை வாங்குகிறாள். ஒன்றில் கத்திக்காரர், அவள் நகத்தால் கிழித்த அந்தக் கோட்டை நினைத்து, கண் கலங்கி… (இல்லை. அவர் அந்த வகை ஆள் இல்லை. நீங்களும் நானும் ஆசைப்பட்டால் போதுமா?) இன்னொன்றில் அவள் நடுக்கடைக்காரியிடம், “வில்லையை மாத்தினது நான்தான்” என்று சொல்கிறாள். அதை எழுதத் தொடங்கி, எனக்கே கூச்சமாகிப் பாதியில் நிறுத்தினேன்.

நடந்தது இவ்வளவு: “எதைக் குடுத்தேன்?” என்று அவர் கேட்ட பிறகும் அவள் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. கட்டைக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் நிற்கிறாள். அவளுடைய கல் காய்ந்து புகைகிறது. அடுத்த ஆள் மீனோடு வந்துவிட்டார்.

அந்த ஆள் நீங்கள்தான். வேறு யாரும் வரிசையில் இல்லை, என்னை மன்னியுங்கள். உங்கள் மீன் கட்டையில் கிடக்கிறது. கத்திக்காரர் செதிலைச் சீவிவிட்டார், குடலை எடுத்துவிட்டார், ஒருதரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டார். கத்தியைத் தூக்குகிறார். அடுப்பக்கா உங்களைப் பார்க்கவில்லை. அவர் வாயைத்தான் பார்க்கிறாள்.

அவர் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காமலே கத்தியை இறக்கப் போனால், தயவுசெய்து, கொஞ்சம் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.